பாடைவெட்டு

ஆகஸ்ட் 11

செருப்பு வார் அறுந்துபோய், பாதி தூரம் வெறுங்காலோடு கரையில் நடந்தேன். கருவை முள் ஒன்று குதிகாலில் ஏறியிருக்கிறது. ஊக்கால் எடுக்கப் பார்த்தேன், வலிதான் மிச்சம்.

நான் தர்மபுரிக்காரி. எங்கள் ஊரில் தண்ணீர் லாரியில் வரும், சண்டை போட்டுப் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்டவளைக் கொள்ளிடக் கரைக்கு உதவிப் பொறியாளராகப் போட்டிருக்கிறார்கள். வந்த ஐந்தாம் மாதமே இந்த வேலை தலையில் விழுந்தது. எங்கள் பிரிவில் கரை பலவீனமாக இருக்கும் இருபத்து மூன்று இடங்களையும் ஆபத்துப்படி வரிசைப்படுத்த வேண்டும். மழைக்கு முன் ஆறு இடங்களை மட்டும் கல் வைத்துக் கட்டப் பணம் இருக்கிறது. மற்றவை சாமி விட்ட வழி.

என் மேலதிகாரி தெய்வநாயகம் சார் இதை ரொம்பச் சுலபம் என்கிறார். "கரை உடைய எவ்வளவு வாய்ப்பிருக்கு, அதுக்கு ஒரு மார்க். உடைஞ்சா எவ்வளவு நஷ்டம், அதுக்கு ஒரு மார்க். ரெண்டையும் பெருக்கும்மா. பெரிய நம்பர் மேல. பத்தாங்கிளாஸ் கணக்கு."

பத்தாம் வகுப்புக் கணக்கில் யாரும் மூழ்கிச் சாவதில்லை சார் என்று வாய் வரை வந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 14

இன்று கீழக்கரம்பை. கரையின் உயரத்தை, தூரம் காட்ட நட்ட கல்லுக்குக் கல் அளந்து ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. நடந்து போனால்தான் தெரிகிறது: இரண்டு கற்களுக்கு நடுவே கரை இடுப்பளவு ஆழத்துக்கு இறங்கி மறுபடி ஏறுகிறது. ஒரு மாட்டுவண்டி அகலம் இருக்கும். கால் பட்டுப் பட்டு மண் வழவழவென்று இருந்தது.

"இது என்ன உத்திராபதி?" என்று எங்கள் லஸ்கரைக் கேட்டேன். இந்தக் கரையைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் உத்தியோகம். அவர் ஆற்றைப் பார்த்தார், அப்புறம் வானத்தைப் பார்த்தார்.

"பாடைவெட்டு மேடம்."

"அப்படீன்னா?"

"காலனிக்காரங்க பொணம் தூக்கிட்டுப் போற வழி. அவங்க சுடுகாடு ஆத்துப் படுகையில இருக்கு. கரையில ஏத்தி எறக்குறப்ப பாடை சரியுதுன்னு வெட்டிக்கிட்டாங்க. எங்கப்பா காலத்துலேருந்து இருக்கு."

"ரோட்டு வழியா போனா என்ன?"

"ரோடு பெரிய தெரு வழியாவுல்ல போவுது" என்றார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

கேள்வி இல்லைதான். எங்கள் ஊரிலும் ஒரு பெரிய தெரு உண்டு. எங்கள் வீடு அதில் பிள்ளையார் கோயிலுக்கு அடுத்தது.

வெட்டுக்கு நேர் கீழே காலனி. எண்பது வீடுகள். ஆறு கரை தட்ட வந்தால் தண்ணீர் முதலில் தேடி வரும் வாசல் இதுதான்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றினோம். முள் இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 22

மார்க் போட்டு முடித்தேன். உடையும் வாய்ப்பில் கீழக்கரம்பைக்கு முழு மார்க். நஷ்டத்தில்தான் இடிக்கிறது. மாடி வீட்டுக்கு ஒரு மதிப்பு, ஓட்டு வீட்டுக்கு ஒரு மதிப்பு, கூரை வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. காலனியில் பாதி கூரை. ஒரு நகைக்கடை மூழ்கினால் வரும் மார்க், எண்பது கூரை மூழ்கினாலும் வராது. இந்த அட்டவணையை எழுதிய மகராசன் ஒரு மழைநாள் கூரைக்குள் படுத்திருக்க மாட்டான்.

அப்படியும் நான்காவது இடத்தில் வந்துவிட்டது. சந்தோஷத்தில் இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 3

கல் கட்டும் வேலை அக்டோபரில்தான் தொடங்கும். அதற்குள் மேட்டூரில் திறந்துவிட்டால்? தற்காலிகமாக வெட்டை மணல் மூட்டை போட்டு அடைக்கலாம் என்று ஊரில் பேசப் போனேன்.

முதலில் பெரிய தெரு. முன்னாள் தலைவர் கலியமூர்த்தி பித்தளை டம்ளரில் காபி கொடுத்தார். மரியாதைக்குக் குறைவில்லை. வெட்டை அடைத்தால் காலனிப் பிணங்கள் தெரு வழியாகப் போகச் சம்மதிப்பீர்களா என்று கேட்டேன்.

"நாங்க யாரையும் தடுக்கலீங்க மேடம். அவங்களுக்கு ஒரு வழி இருக்கு, எங்களுக்கு ஒரு வழி இருக்கு. புதுசா எதுக்கு வம்பு?"

"கரை உடைஞ்சா உங்க தெருவுக்கும்தான் தண்ணி வரும்."

"எங்க தெரு மேடுங்க" என்றார். "காபி ஆறுது, சாப்பிடுங்க."

காலனியில் தங்கையன் வீட்டு வாசலில் பேச்சு. தங்கையன் செங்கல் சூளைக்குப் போகிறவர், ஐம்பது வயதிருக்கும், நான்கு பேர் பேசும்போது இவர் பேச்சுத்தான் எடுபடுகிறது. அவர் மனைவி சிந்தாமணி உள்ளேயிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அடைச்சிக்கலாம் மேடம். வெள்ளம் வந்தா மொதல்ல சாவப்போறது நாங்கதான், எங்களுக்குத் தெரியாதா? ஆனா எங்கள்ல ஒருத்தன் செத்தா எப்படி எடுத்துட்டுப் போறது? அதச் சொல்லிட்டு அடைங்க."

"கல் கட்டுறப்போ கரை மேல ரெண்டு பக்கமும் சரிவா பாதை போட்டுத் தர்றோம். பாடை சரியாது. பிளான்லயே இருக்கு."

"எப்ப?"

"அக்டோபர்ல."

"அதுவரைக்கும் யாரும் சாவாம பாத்துக்கணும்" என்றது உள்ளேயிருந்து சிந்தாமணியின் குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன்.

அம்மா போனில் "அங்க யார் வீட்டுல என்ன சாப்பிட்ட?" என்று வழக்கம்போலக் கேட்டாள். டீ என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 9

மூட்டை அடுக்கி வெட்டை அடைத்தாயிற்று. காலனிக்காரர்களே செய்தார்கள். தங்கையன் ஒரே நேரத்தில் இரண்டு மூட்டை தூக்கிக் காட்டினார். "கொழுப்பு" என்றார் சிந்தாமணி, எனக்குக் கேட்கும்படி. விதிப்படி படம் பிடித்து, கணினியில் ஏற்றினேன்.

செப்டம்பர் 15

இறுதி வரிசை வந்தது. கீழக்கரம்பை பதினொன்று.

ஏன் என்று தேடினால், என் படம். "கரைப் பள்ளம்: சரிசெய்யப்பட்டது" என்று அது பதிவாகியிருக்கிறது. பள்ளம் இல்லையென்றால் உடையும் வாய்ப்புக்கு மார்க் பாதி. நஷ்டத்துக்கு ஏற்கெனவே மார்க் குறைவு. நான்கிலிருந்து நேராகப் பதினொன்று.

"நல்ல வேலை செஞ்சிருக்கே, அதான் கீழ போயிடுச்சு" என்றார் தெய்வநாயகம் சார். பாராட்டாகத்தான் சொன்னார்.

படம் ஏற்ற வேண்டும் என்பது விதி. ஏற்றாவிட்டால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். யாராக இருந்தாலும் ஏற்றியிருப்பார்கள். "தற்காலிகம்" என்று எழுத அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை யாரும் நிரப்புவதில்லை.

நேற்றுத் துவைத்த சுடிதாரை இன்று மறுபடி துவைத்துப் போட்டிருக்கிறேன். காயப்போடும்போதுதான் கவனித்தேன்.

செப்டம்பர் 24

காலனியில் ஒரு பெண் பிரசவத்தில் இறந்துவிட்டாள். வெட்டிலிருந்த மூட்டைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்பி வந்து அடுக்கியும் வைத்திருக்கிறார்கள், ஆனால் ஏனோதானோவென்று. துக்கத்தில் அடுக்கிய மூட்டையில் நான் என்ன குறை சொல்ல?

தங்கையன் வழியில் பார்த்துக் கேட்டார். "கல்லு எப்ப மேடம் வருது?"

"பேசிட்டிருக்கோம்" என்றேன்.

அலுவலகம் வந்து வரிசையைத் திருத்தக் கேட்டேன். கணினியில் அந்தப் பக்கம் மூடியாகிவிட்டதாம். மண்டல அலுவலகத்தில் மட்டும்தான் திறக்க முடியும்.

அக்டோபர் 7

மண்டல அலுவலகத்தில் காலையிலிருந்து உட்கார வைத்து, சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார். வெட்டின் படத்தையும் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"ஆறு இடத்துக்குத்தான் பணம். இதுல எதை எடுத்துட்டு உங்க ஊரைப் போடட்டும்? நீங்களே அடிச்சுக் குடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

முதல் ஐந்தும் பெரிய ஊர்கள். ஆறாவது இடத்தை நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 8

ஆறாவது இடத்துக்குப் போனேன். கரையில் ஊற்றுக் கசிகிறது, கையை வைத்தால் குளிர்கிறது. அதற்குக் கீழே ஒரு மாணவியர் விடுதி. ஆதிதிராவிடர் நலத்துறை விடுதி. துவைத்த பாவாடைகளைக் கரையிலேயே காயப்போட்டிருந்தார்கள். ஒருத்தி வந்து "மிஸ், நீங்க புது வார்டனா?" என்று கேட்டாள்.

ரைஸ் மில்லாக இருந்திருக்கக் கூடாதா? கல்யாண மண்டபமாக, யாராவது ஒரு பணக்காரன் தோப்பாக இருந்திருக்கக் கூடாதா? கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்பேன். கடவுளே, என்னை ஏன் இதைச் செய்ய வைக்கிறாய்?

காகிதத்தை அடிக்காமலே திருப்பி அனுப்பினேன்.

அக்டோபர் 21

மழை பிடித்துவிட்டது. உள்ளே கொடி கட்டியிருக்கிறேன், எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈரத்துணி நாற்றம். அம்மாவுக்கு மூட்டுவலி அதிகமாம்.

நவம்பர் 12

மேலேயிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. படுகை மூழ்கிவிட்டது. காலனிச் சுடுகாடு இருந்த இடத்தில் ஒரு வேப்பமரத்தின் தலை மட்டும் தெரிகிறது. காலனியிலிருந்து கிழவர்களையும் பிள்ளைகளையும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாயிற்று. ஆம்பிளைகளும் சில பெண்களும் கரையை விட்டு வர மாட்டேன் என்கிறார்கள். வெட்டில் இன்னும் இரண்டு வரிசை மூட்டை ஏற்றினோம்.

நவம்பர் 14

மூட்டை இடுக்கில் தண்ணீர் கசிகிறது. தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். மதியத்துக்கு மேல் கலங்கலாக வந்தது.

தங்கையன் மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தவர், அதை இறக்கி வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தார். களைப்பு என்று நினைத்தோம். சிந்தாமணி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கவில்லை. நெஞ்சுவலி என்றுகூட அந்த மனிதர் வாய் திறந்து சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

நவம்பர் 15

தங்கையன் கரை மேல், தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறார். வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர், அங்கே கிடத்த முடியாது. படுகைச் சுடுகாடு ஆற்றுக்குள் இருக்கிறது. மிச்சம் இருப்பது பெரிய தெருவுக்காரர்களின் சுடுகாடு, மேட்டில், நனையாமல். அதற்கு வழி தெருவுக்குள்தான்.

வட்டாட்சியரும் இன்ஸ்பெக்டரும் வந்தார்கள். கலியமூர்த்தி வீட்டில் பேச்சு. இன்று காபி இல்லை.

"வெள்ள நேரத்துல மனுசன் மனுசனுக்கு உதவணும், வாஸ்தவம்" என்றார். "அரிசி வேணும்னா தர்றோம். மண்டபத்துல வந்து தங்கிக்கட்டும், நான் வேண்டாங்கலை. ஆனா இன்னிக்கு ஒரு பொணம் போனா நாளைக்கு எல்லாப் பொணமும் இப்படித்தான் போவும். எங்க பசங்களைப் பிடிச்சு வைக்க என்னால ஆவாது."

தெருமுனையில் பசங்கள் கூட்டமாக நின்றார்கள். இன்ஸ்பெக்டர், இருக்கிற நான்கு போலீஸை வைத்துக்கொண்டு ரிஸ்க் எடுக்க முடியாது, நாளைக்குப் பெரிய அதிகாரிகள் வரட்டும் என்றார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. பொறியாளரம்மா உங்க வேலை கரை, அதைப் பாருங்க என்று யாரோ சொன்னார்கள்.

என் வேலைக்கு மண் லாரிகள் அந்தத் தெரு வழியாகத்தான் வந்தன. ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஒருவரும் தடுக்கவில்லை. மண் போகிற தெருவில் தங்கையன் போக முடியாது.

நவம்பர் 16

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் தண்ணீர் மூட்டையின் தலைக்கு நான்கு விரல் கீழே நின்றது. கலங்கல் அதிகமாகியிருந்தது. இனி மூட்டை ஏற்றிப் பயனில்லை. வெட்டுக்குப் பின்னால், காலனிப் பக்கம், சவுக்குக் கட்டை அடித்து மண்ணைக் கொட்டி முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கான மண் வந்திருந்தது. கட்டை அடித்தாயிற்று. முதல் லாரி பின்பக்கமாக வந்து நின்றது.

சிந்தாமணி லாரிக்கும் கட்டைகளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"இவர இங்கேயே வச்சிடுங்க."

யாருக்கும் புரியவில்லை.

"மூணு நாள் ஆவப்போவுது, வாடை வருது. இதுக்கு மேல இவர நான் நாற வுடமாட்டேன். இந்த வழியாத்தான எங்க சனம் எல்லாம் போச்சு? இவரு இங்கேயே இருக்கட்டும். இவரு மேல மண்ணக் கொட்டுங்க. அப்புறம் ஒருத்தனும் இத வெட்ட மாட்டான்."

பெண்கள் அழுதார்கள். ஆண்கள் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியும். மரத்துண்டு, வைக்கோல், செத்த ஆடு, எதுவும் கரைக்குள் போகக் கூடாது. அது மக்கிப்போன இடம் வெற்றிடமாகும், தண்ணீர் அதைக் கண்டுபிடிக்கும். முதல் வருடப் பாடம். நான் வேண்டாம் என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா என்று இப்போது யோசிக்கிறேன். லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் ஆறு இரைந்துகொண்டிருந்தது.

நான்கு பேர் அவரைத் தூக்கி, கட்டைகளுக்கு உள்பக்கம், மூட்டைகளை ஒட்டிக் கிடத்தினார்கள். சிந்தாமணி முதல் மண்ணைப் போட்டார். உத்திராபதி சட்டையைக் கழற்றித் தங்கையன் முகத்தின் மேல் விரித்துவிட்டு, டிரைவரிடம் கையைக் காட்டினார். அவர் பெரிய தெருவுக்காரர் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

ஆறு லாரி மண். மிதித்து இறுக்கினோம். எங்கே மிதிக்கிறோம் என்று தெரிந்தே மிதித்தோம். நானும்.

சாயங்காலம் கசிவு நின்றது.

நவம்பர் 17

கரை நிற்கிறது.

நவம்பர் 19

தண்ணீர் இறங்குகிறது. அறிக்கை எழுதினேன். "கீழக்கரம்பை: உடைப்பு இல்லை. உயிர்ச்சேதம் இல்லை. ஒருவர் மாரடைப்பால் இயற்கை மரணம்." அடக்கம் எங்கே என்று அறிக்கையில் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை, பிரச்சினை தீர்ந்தது என்று போய்விட்டார்.

விடுதிப் பிள்ளைகள் பத்திரம். அங்கே கல் கட்டிய கரை அசையவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட்டேன், நிஜமாகவே.

டிசம்பர் 6

கீழக்கரம்பை பக்கம் போகவில்லை. வேலை அதிகம்.

டிசம்பர் 20

போகவில்லை.

ஜனவரி 28

அடுத்த ஆண்டுக்கான வரிசைக்கு மறுபடி மார்க். கூட்டத்தில் தெய்வநாயகம் சார் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "எல்லாரும் கைதட்டுங்க. செலவே இல்லாம ஒரு கரையைக் காப்பாத்தின பொண்ணு." தட்டினார்கள்.

இந்த முறை புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்கள். "கரைக்குள் வெற்றிடம், பொந்து: உண்டு / இல்லை." உண்டு என்று போட்டால் தோண்டிப் பார்க்க ஆள் வரும். தோண்டினால் போலீஸ் வரும், வழக்கு வரும். சிந்தாமணி மேல், தூக்கிய நான்கு பேர் மேல், உத்திராபதி மேல், என் மேல். இல்லை என்று போட்டால் எண்பது வீடும் அந்தப் பொந்துக்குக் கீழே தூங்கும்.

எலிப் பொந்து, நண்டுப் பொந்தைத்தான் கேட்கிறார்கள், ஆளைக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இல்லை என்று போட்டேன்.

பெரு வெள்ளத்தைத் தாங்கிய கரை என்பதால் உடையும் வாய்ப்பு மேலும் குறைந்துவிட்டது. கீழக்கரம்பை இப்போது பத்தொன்பது.

பிப்ரவரி 2

போனேன். வேறு வழியில்லை, சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை.

முட்டு மண்ணில் புல் முளைத்திருக்கிறது. சிந்தாமணி அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். உடம்பு மக்கும், மண் உள்ளே இறங்கும், பொந்து விழும், தண்ணீர் அந்த வழியாக வரும். வரிசையில் பத்தொன்பதுக்குப் போனதை மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"வெளிய தெரியாம எடுத்து வேற எடத்துல வச்சிடலாம்க்கா. நானே நின்னு செய்றேன். ஆத்துல தண்ணி இல்ல, படுகையில வைக்கலாம்."

"எந்த வழியா எடுத்துட்டுப் போறது?"

வெட்டு இருந்த இடத்தில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அதைத் திறக்காமல் அவரைப் படுகைக்குக் கொண்டுபோக முடியாது. திறந்தால் மறுபடி அடைப்பது யார், எதை வைத்து?

சிந்தாமணி கொஞ்ச நேரம் புல்லைத் தடவிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"எத்தினி மழை தாங்கும் மேடம்?"

"ரெண்டு. மூணு தாங்கினா அதிகம்."

"அட, இவ்வளவுதானா" என்று பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. "நாங்கூட இந்த வருசமேன்னு பயந்துட்டேன். மூணு மழைக்குள்ள கல்லு வச்சுக் கட்டிட மாட்டீங்களா நீங்க?"

"கட்டிடுவோம்க்கா" என்றேன்.